மலையேறும் அம்மாவுக்குப் பரிசு: முதலில் தராசில் வையுங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பரிசு என்றால் கனமாக இருக்க வேண்டும். கல்யாணத்தில் சாமான் பரப்பினால் பித்தளையும் வெண்கலமும் எவர்சில்வரும், வீட்டின் உள்முற்றமான வளவு முழுக்க நிற்கும். கைக்குக் கனமில்லாததைக் கொடுத்தால் கொடுத்தவருக்கே கூச்சமாக இருக்கும். மலையேறுகிற, கூடாரம் போட்டுத் தங்குகிற அம்மாவுக்கு வாங்கும்போது இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். வாங்கித் தருவது நீங்கள், முதுகில் தூக்கி ஏறப்போவது அவர். ஆகவே எதை எடுத்தாலும் முதல் கேள்வி, இது எத்தனை கிராம்? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அடுப்படித் தராசுக்குத் தெரியும்.

கணக்கு எளிது. காலையில் ஏறி மாலையில் இறங்கும் நடைக்குப் பையின் மொத்த எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரவு தங்குவதானால் ஐந்தில் ஒரு பங்கு. 55 கிலோ எடையுள்ள ஆச்சிக்குப் பகல் நடையில் ஐந்தரை கிலோதான் இடம். அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ, வெறும் பை முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ, சாப்பாடு ஒரு கிலோ. மிச்சம் ஒன்றரை கிலோ சொச்சம். அதற்குள் மழைக்கோட்டும் மருந்தும் மாற்றுத்துணியும் அடங்க வேண்டும். அரைக் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கை ஆசையாக வாங்கித் தந்தால் அந்த மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, அவர் எங்கே நடக்கிறார் என்பது. பிரான்மலை என்றால் பாறையும் வெயிலும், அரை நாள் வேலை. கொடைக்கானல் பக்கம் என்றால் குளிர், மழைக்காலத்தில் அட்டை. கொல்லிமலையும் சிறுமலையும் இந்த இரண்டு வகைக்கும் நடுவில். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரை முற்றிலும் வேறு. அங்கே தார்ச்சாலை, நேர்த்திக்காக வெறுங்கால், விடியும் முன்னே நடை. அவருக்கு ஷூ வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. இருட்டில் லாரி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒளி பிரதிபலிக்கும் பட்டை வைத்த மேல்சட்டையும், காகித மைக்ரோபோர் டேப் இரண்டு சுருளும் வாங்கிக் கொடுங்கள். பாதத்தில் ஓரிடம் சுள்ளென்று சூடாகத் தொடங்கும்போதே டேப் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

ஷூ: சொல்லாமல் வாங்காதீர்கள்

பட்ஜெட் ஒரே ஒரு பொருளுக்குத்தான் என்றால் ஷூ வாங்குங்கள். ஆனால் பிறந்தநாள் காலையில் திடீரென்று பெட்டியைத் திறந்து காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுக்கச் செருப்போ வெறுங்காலோ என்று நடந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்திருக்கும். நீளத்தை மட்டும் வைத்து வாங்கிய ஷூ சுண்டுவிரலை நசுக்கும். அவருடைய செருப்பின் சைஸ் எண்ணும் உதவாது, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

அளவெடுப்பது சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில். மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, தரையில் விரித்த தாளின் மேல் முழு எடையையும் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் சுருங்கியிருக்கும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரையுங்கள். குதிகால் முதல் நீண்ட விரல் நுனி வரை நீளம், விரல்கள் தொடங்கும் இடத்தில் அகலம், இரண்டையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளமாக இருப்பவர்கள் உண்டு, அதையும் பாருங்கள். இரண்டு காலில் பெரியது எதுவோ அதற்கு வாங்க வேண்டும். ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன் மேல் காலை வைத்துப் பாருங்கள். விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் பாதம் அட்டைக்கு வெளியே வழியக் கூடாது. முன்னிடம் குறைந்தால் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் ஒவ்வோர் அடிக்கும் நகம் முன்சுவரில் மோதி, இரண்டு நாளில் கறுத்துப்போகும்.

அதைத் தடுக்க ஒரு கயிற்று வித்தை உண்டு. மேலே கடைசி இரண்டு ஓட்டைகளில் கயிற்றைக் குறுக்கே போடாமல் அதே பக்கத்தில் மேலே ஏற்றிச் சின்ன வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு இந்தப் பக்கக் கயிற்றை அந்தப் பக்க வளையத்துக்குள்ளும், அந்தப் பக்கக் கயிற்றை இந்த வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடியுங்கள். குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும், பாதம் முன்னே வழுக்காது.

வாங்கி வந்ததும் உடனே வெளியே போட்டு நடக்கக் கூடாது, அடிப்பாகம் அழுக்கானால் கடையில் மாற்றித் தரமாட்டார்கள். ஷூ போட்டுக்கொண்டு வளவுக்குள் நடக்க எந்த ஆத்தாவும் சம்மதிக்கமாட்டார். மாடிப்படிதான் சரியான இடம். நன்றாகப் பெருக்கிவிட்டு, பையில் மூன்று கிலோ அரிசியை வைத்து மாட்டிக்கொண்டு, இருபது முறை ஏறி இறங்கட்டும். ஏறும்போது குதிகால் தூக்கினாலும், இறங்கும்போது விரல் முட்டினாலும் அன்றைக்கே மாற்றுங்கள். பிரான்மலைப் பாறையில் போய்க் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமில்லை இது.

தள்ளுபடியில் கிடக்கும் பழைய சரக்கு வேண்டாம். பல ஷூக்களில் காலடிக்கும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் மெத்தைப்பகுதி பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரப்பதம் வருடக்கணக்கில் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் வயது ஏறும். பெட்டியில் புதிதுபோல இருக்கும் ஷூ, மலையில் நாலாவது கிலோமீட்டரில் அடி கழன்று வாய்பிளப்பது இதனால்தான். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ எந்த விலைக்கும் வேண்டாம். ஈவிஏ என்ற ஃபோம் மெத்தை வைத்தவற்றுக்கு இந்த நோய் இல்லை, ஆனால் அது நாளடைவில் தட்டையாகி இறுகும். எதுவானாலும் பெட்டகத்துக்குள் பூட்டிவைக்காமல் காற்றாடும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஷூ பூசணம் பூத்துவிடும்.

மெட்டி பற்றி எந்த ஷூக் கடையிலும் சொல்லமாட்டார்கள். பெருவிரலுக்கு அடுத்த விரலில் கிடக்கும் வெள்ளி மெட்டி, ஷூவுக்குள் போனதும் பக்கத்து விரலை அரைக்கத் தொடங்கும். நடந்து நடந்து விரல் வீங்கினால் மெட்டி பிடித்துக்கொள்ளும், கழற்றவும் வராது. கழற்றச் சம்மதிப்பவரானால் பிரச்சினை இல்லை. சம்மதிக்காதவரே அதிகம், அதில் வாதாடிப் பயனில்லை. முத்து, பூ, மணி எதுவும் இல்லாமல் தட்டையான மெல்லிய கம்பி மெட்டி ஒரு ஜோடி, வாய் திறந்து விரித்துச் சுருக்கக்கூடியதாகச் செய்து கொடுங்கள். கூடவே விரல்விரலாகப் பிரிந்த சாக்ஸ். இந்தப் பட்டியலிலேயே அம்மாவுக்கென்று மட்டும் யோசித்து வாங்கியது போலத் தெரியும் பரிசு இதுதான்.

சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஈரத்தோல் சீக்கிரம் உரியும். மெரினோ கம்பளி கலந்ததோ பாலியெஸ்டர் கலந்ததோ, கணுக்காலுக்கு மேல் ஏறும் உயரத்தில் மூன்று ஜோடி. போட்டுக்கொள்ள ஒன்று, காய ஒன்று, இரவில் கூடாரத்துக்குள் போட மட்டுமே ஒன்று.

கைத்தடி ஒரு ஜோடி

ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கு ஷூவுக்கு அடுத்தபடி உதவுவது டிரெக்கிங் கோல். ஒற்றைக் கோல் பாதி வேலைதான் செய்யும், ஜோடியாக வாங்குங்கள். உயரத்தை 0.68 ஆல் பெருக்கினால் கோலின் நீளம் கிடைக்கும். ஐந்தடி, அதாவது 152 செ.மீ. உயரமுள்ளவருக்கு 103 செ.மீ. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில கோல்களை முழுக்கச் சுருக்கினாலும் 110 செ.மீ.க்குக் கீழே நிலைத்துப் பிடிக்காது. ஏற்றத்தில் இன்னும் 5 முதல் 10 செ.மீ. சுருக்க வேண்டியிருக்கும் என்பதால், குறைந்தபட்ச நீளம் 95 செ.மீ. அல்லது அதற்கும் கீழே என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். இறக்கத்தில் அதே அளவு நீட்டிக்கொள்ள வேண்டும்.

பூட்டு இரண்டு வகை. திருகி இறுக்குவது தூசியும் ஈரமும் புகுந்தால் வழுக்கும், எடையைப் போட்டு ஊன்றும்போது சட்டென்று உள்ளே இறங்கும். வெளியே நெம்பித் தட்டும் கிளிப் வகைதான் நல்லது, கிளிப் தளர்ந்தால் பக்கத்துத் திருகாணியைச் சற்றே இறுக்கினால் போதும். மொட்டைப் பாறையில் நுனிக்கு ரப்பர் தொப்பி போட்டுக்கொள்ளட்டும், மண்ணில் கழற்றிவிடட்டும். தொப்பி தொலையும், நிச்சயம் தொலையும். கூடுதலாக இரண்டு ஜோடி சேர்த்தே வாங்கிவிடுங்கள். பிடியிலுள்ள வாருக்குள் கையைக் கீழிருந்து மேலாக விட்டு, வாரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேலிருந்து விட்டால் சறுக்கும்போது மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும்.

பை

பையில் லிட்டரைப் பார்ப்பதற்கு முன் முதுகின் நீளத்தைப் பாருங்கள். தலையைக் குனியச் சொன்னால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைக்கும். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்னால் நீட்டியிருக்கட்டும். இரண்டு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோட்டிலிருந்து அந்தக் கழுத்தெலும்பு வரை முதுகோடு டேப் வைத்து அளந்தால் வருவதுதான் முதுகு நீளம். பையின் முதுகுச்சட்டம் அதற்கு ஒத்துவர வேண்டும், அல்லது மேலே கீழே நகர்த்தும் வசதி இருக்க வேண்டும். நீளம் பொருந்தாவிட்டால் இடுப்புப்பட்டை வயிற்றில் உட்காரும், முழு எடையும் தோளில் தொங்கும். பகல் நடைக்கு 20 முதல் 25 லிட்டர், ஓரிரவுக்கு 40 முதல் 50. அதற்கு மேல் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று அடைத்துவிடுவார்கள்.

சேலையில் நடப்பவருக்கு இடுப்புப்பட்டை ஒத்துவராது, கொசுவம் பக்கிளுக்கடியில் திரண்டு உறுத்தும். அவருக்குப் பட்டை இல்லாத 15 லிட்டர் பையே போதும், கனத்தை வேறு யாராவது தூக்கட்டும். மார்பு வாருக்கடியில் தாலிச்சங்கிலி மாட்டாமல் உள்ளே தள்ளிக்கொள்வதையும் சொல்லிவையுங்கள். கண்டாங்கிச் சேலை அழகுதான், ஆனால் நெசவு கெட்டி, நனைந்தால் பாரமாகிக் காய மறுக்கும். அது மலைக்கு வேண்டாம்.

இரவு தங்குவதற்கு

குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் டிகிரியை நம்பாதீர்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற தரப்படி சோதித்த பைகளில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பது பெண்ணின் உடலைக் கொண்டு கணக்கிட்டது, ‘லிமிட்’ ஆணின் உடலைக் கொண்டு, ‘எக்ஸ்ட்ரீம்’ உயிர் தப்பும் எல்லை. பெரிய எழுத்தில் அச்சிடுவது பெரும்பாலும் கம்ஃபர்ட்டாக இருக்காது. அம்மாவுக்கு வாங்கும்போது கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். டிசம்பர், ஜனவரிக் கொடைக்கானலில் இரவு வெப்பம் பத்துக்குக் கீழே இறங்கும், கம்ஃபர்ட் 5 டிகிரி உள்ள பை பொருத்தம். நீளமும் அவருடைய உயரத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். காலடியில் வெற்றிடம் மிகுந்தால் அதைச் சூடாக்குவதற்கே உடம்பு உழைக்க வேண்டும். வீட்டில் வைக்கும்போது சுருட்டித் திணித்த உறையிலிருந்து எடுத்து, பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டுவைக்க வேண்டும். வருடம் முழுக்க நசுங்கிக் கிடந்தால் உள்ளே பஞ்சு எழும்பாது.

பைக்கு முன்னால் பாய் முக்கியம். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது, உடம்பின் கனத்தில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால் பை அதைத் தடுக்காது. மடக்கும் ஃபோம் பாய் அரைக் கிலோவுக்குள் வரும், முள் குத்தினாலும் கவலை இல்லை. ஊதும் பாய் இடுப்பு வலிக்காரருக்குச் சுகம், ஆனால் ஒட்டுத்துண்டும் பசையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

டென்ட்டைக் கடைசியில் வையுங்கள். காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதி கிடையாது. தனியார் தங்குமிடங்களில் அவர்களே டென்ட் வைத்திருப்பார்கள். சொந்தத் தோப்பில் அடிக்கப்போகிறவரானால் மட்டும் வாங்குங்கள். ஆணி அடிக்காமலே தன்னால் நிற்கும் வகை, இருவருக்கானது, மேல்துணி 2000 மி.மீ. நீரழுத்தம் தாங்குவது. காலையில் உள்ளே துளித்துளியாக நனைந்திருப்பது பெரும்பாலும் ஒழுக்கல் இல்லை, மூச்சின் ஈரம். இரு பக்கக் காற்றுத்துளைகளையும் திறந்துவைத்தால் குறையும். ஈரத்தோடு மடித்துவைத்த டென்ட்டின் உட்பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து நாறும், அதற்கு மருந்து இல்லை.

தலையில் மாட்டும் ஹெட்லாம்ப் 200 லுமென் வெளிச்சம் தந்தால் தாராளம். பட்டனைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பைக்குள் தானாக எரிந்து தீர்ந்திருக்கும். பேட்டரி போடும் வகையென்றால் வீடு வந்ததும் கழற்றிவைக்க வேண்டும். கொண்டை போடுபவர் கடையிலேயே ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடட்டும்.

தண்ணீரும் அதைச் சேர்ந்ததும்

மலையில் பெண்கள் தண்ணீர் குறைவாகக் குடிப்பதற்குக் காரணம் தாகமின்மை இல்லை, ஒதுங்க இடமில்லாததுதான். மயக்கம், தலைவலி, காலில் நரம்பு பிடிப்பது பலவும் அங்கிருந்து தொடங்குகிறது. ஆகவே வெறும் தண்ணீர் பாட்டில் பாதிப் பரிசுதான். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் சிலிக்கான் புனல் கையளவு இருக்கும், எடை அற்பம். வீட்டுக் குளியலறையில் நாலைந்து தடவை பழகிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே தூக்கி எறிவார். மகன் கொடுக்கக் கூச்சப்பட்டால் மகளோ மருமகளோ கொடுக்கட்டும். அதோடு சின்ன மண்வாரி, ஜிப் பை இரண்டு, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு கறுப்புப் பை.

பாட்டில் ஒற்றைச் சுவர் எவர்சில்வரோ கனமான பிளாஸ்டிக்கோ, வாய் அகலமாக, லிட்டர் அளவில் இரண்டு. குழாய் வைத்த தண்ணீர்ப் பையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். கழுவிக் காயவைக்கும் பொறுமை இல்லாத வீட்டில் அந்தக் குழாய்க்குள் பூசணம் பிடிக்கும், நான் வாங்கமாட்டேன். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து சேர்த்து வையுங்கள். லிட்டருக்கு என்று போட்ட பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிப்போய்ப் பலன் கெடும்.

சாப்பாட்டுக்கு நம் ஆச்சிமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மாவுருண்டையும் மணகோலமும் எந்த எனர்ஜி பாருக்கும் குறைந்ததில்லை. இரவுக்கு மட்டும் ஒன்று செய்து கொடுக்கலாம். 80 கிராம் ரவையை வறுத்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து, உப்பும் சேர்த்து ஆறவைத்து ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டுங்கள். அங்கே 300 மில்லி கொதிநீர் ஊற்றி, கிளறி மூடி, துண்டால் சுற்றி எட்டு நிமிடம் வைத்தால் உப்புமா. வெங்காயம் சேர்க்காதீர்கள், ஈரம் மிஞ்சினால் கெடும். கேஸ் அடுப்பு அனுமதித்த இடத்தில் மட்டும். காட்டுக்குள் நெருப்பு கூடவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகே தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின.

பொருளே வேண்டாம் என்கிற அம்மாவும் உண்டு. அவருக்கு ஒரு நடையையே முன்பதிவு செய்து கொடுங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு நடத்துகிறார்கள். நமக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் கொடைக்கானலின் வட்டக்கானல்–வெள்ளகவிப் பாதை இருக்கிறது. இறக்கம் நிறைய, ஆகவே கோல் ஜோடி கூடவே போகட்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம் உள்ள வாரங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதனால் தேதியை மாசி, பங்குனியில் வைக்காதீர்கள். அவர் பெயரோடு உங்கள் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்தால் பாதிச் சுமை உங்கள் முதுகுக்கு வந்துவிடும்.

வேண்டாதவை: இருபது கருவி மடங்கும் கத்தி (கனம், திறப்பது ஒன்றுதான்), பெயர் பொறித்த வெள்ளி டம்ளர், திசை காட்டும் கைக்கடிகாரம், மூன்று அடுக்கு டிபன் கேரியர். மற்றவற்றை ஓலைக் கொட்டானில் அடுக்கிக் கொடுங்கள், அட்டைப்பெட்டியை மட்டும் கிழித்துவிடாதீர்கள். ஷூ கடித்தால் பெட்டியும் பில்லும் இல்லாமல் மாற்றமாட்டார்கள்.